சிறுகுடல் கட்டி: துளை போட்டா, வயிற்றைத் திறந்தா?

போன வருடம் என் சிறுகுடல் கட்டியை எடுக்க இரண்டு டாக்டர்கள் இரண்டு வழி சொன்னார்கள். ஒருவர் லேப்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது. இன்னொருவர் ஓபன், அதாவது வயிற்றைத் திறந்து செய்வது. நான் ஓபனுக்குத் தலையாட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் என்னுடையது நியூரோ எண்டோகிரைன் வகை, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்கும் கட்டி. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

லேப்ராஸ்கோபியின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், பிற்பாடு தையல் போட்ட இடத்தில் ஹெர்னியா வரும் வாய்ப்பும் குறைவு. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

என்னை மறுபக்கம் இழுத்தது விரல். இந்த வகைக் கட்டி பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில் வரும். பலருக்கு அது ஒன்றோடு நிற்பதில்லை. கூடவே சில மில்லிமீட்டர் அளவில் குட்டிக் கட்டிகள் இருக்கும். குடல் சுவருக்குள் ஒளிந்திருப்பதால் ஸ்கேனுக்கும் தப்பும், கேமராவுக்கும் தப்பும். லேப்ராஸ்கோபியில் குடலைப் பிடிப்பது நீளமான இடுக்கி. விரலுக்குத் தட்டுப்படுவது அதற்குத் தட்டுப்படாது. வயிற்றைத் திறந்தால், டாக்டர் மொத்தக் குடலையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்தித் தடவிப் பார்க்கலாம். எனக்கு ஸ்கேனில் தெரிந்தது ஒன்று. விரலில் சிக்கியது இன்னும் இரண்டு, மிளகு அளவில். பயாப்ஸி ரிப்போர்ட்டில் மூன்றும் ஒரே வகை என்று இருந்தது.

இன்னொன்று, நிணநீர் முடிச்சுகள். கட்டி சின்னதாக இருந்தாலும், அது இவற்றுக்குப் பரவி இவை வீங்கியிருப்பது உண்டு. எனக்கு வீங்கியிருந்த முடிச்சு, குடலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தது. அங்கே கை தவறினால் நல்ல குடலும் ரத்தம் இல்லாமல் போய்விடும். அதனாலும் திறந்து செய்வதே எனக்குச் சரியாகப் பட்டது.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். தொப்புளுக்கு மேலும் கீழுமாக நீளத் தையல். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் தண்ணீர் கேனைத் தொடவே இல்லை; வீட்டில் எல்லோருக்கும் என் மேல் கடுப்பு.

நடுவழி ஒன்றும் உண்டு. லேப்ராஸ்கோபியில் குடலை விடுவித்து, தொப்புள் அருகே சின்னதாக வெட்டி, அதன் வழியே குடலை வெளியே எடுத்துத் தடவிப் பார்ப்பது. முடிச்சு ரத்தக்குழாயிலிருந்து தள்ளி இருந்திருந்தால் நானே அதைத்தான் கேட்டிருப்பேன்.

கட்டி ஜிஸ்ட் (GIST, குடல் சுவரில் வரும் இன்னொரு வகைக் கட்டி) என்றால் கதையே வேறு. அது நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது அபூர்வம். சின்னதாக, ஒன்றே ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் லேப்ராஸ்கோபி போதும். கட்டி உடையாமல் பைக்குள் போட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ரோபோ சர்ஜரி பற்றி என்னைக் கேட்காதீர்கள், அதைச் செய்துகொண்டவர் யாரோடும் நான் பேசியதில்லை.

என்னுடைய வகைக் கட்டி என்றால், எந்த வழியானாலும் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: “குடல் முழுவதையும் கையால் தொட்டுப் பார்ப்பீர்களா?” நான் முதலில் பார்த்தவர், “ஸ்கேனே தெளிவா இருக்கே, எதுக்கு?” என்றார். ஃபைலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.