கிங் ரான்ச்சா, கிராண்ட்-கோர்ஸா? பழைய மாட்டுப் பண்ணை பார்க்க எங்கே போகலாம்

அமெரிக்காவில் பழமையும் வேண்டும், இன்றும் மாடு மேய வேண்டும், கூடவே ஒரு வழிகாட்டியும் வேண்டும் என்று தேடினால் இரண்டு பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று தெற்கு டெக்சஸின் கிங் ரான்ச். மற்றது மொன்டானாவில் டீர் லாட்ஜ் ஊரை ஒட்டிய கிராண்ட்-கோர்ஸ் ரான்ச். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் முதலாவதைத் தள்ளிவிட முடியாது.

கிங் ரான்ச் என்றாலே பரப்புதான். நீராவிப் படகு ஓட்டிய ரிச்சர்ட் கிங் 1853இல் தொடங்கிய பண்ணை இன்று நான்கு பிரிவுகளாகச் சுமார் 8,25,000 ஏக்கர். ரோட் ஐலண்ட் மாநிலமே இதைவிடச் சிறியது. நடந்து பார்ப்பதற்கு வழியில்லை, வண்டியில்தான் அழைத்துப் போகிறார்கள். அதிலும் ஒரு மூலையைத்தான் பார்க்க முடியும். குடும்பத்தின் பெரிய மாளிகையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

இங்கே மாட்டைப் பார்க்கத்தான் போக வேண்டும். இங்கிலாந்து வழி ஷார்ட்ஹார்ன் மாடுகள் டெக்சஸ் வெயிலிலும் உண்ணித் தொல்லையிலும் தவித்தன. அதனால் இந்தியாவிலிருந்து போன திமில் மாடுகளின் வழிவந்த பிராமன் இன மாடுகளோடு கலந்தார்கள். 1920இல் பிறந்த ‘மங்கி’ என்ற காளையின் வாரிசுகளிலிருந்துதான் செம்பழுப்பு நிறச் சாண்டா கெர்ட்ரூடிஸ் இனம் வந்தது. 1940இல் அமெரிக்க வேளாண் துறை அதைத் தனி இனமாக ஏற்றது. வெப்பநாட்டு மாடு வளர்ப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது ஒன்றே போதும். வழிகாட்டியிடம் கினேன்யோஸ் எனப்படும் பண்ணைத் தொழிலாளர்கள் பற்றியும் கேளுங்கள். வறட்சியில் தவித்த ஒரு மெக்சிகோ கிராமத்தின் மாடுகளை வாங்கிய கிங், அந்த ஊர் மக்களையும் வேலைக்கு அழைத்து வந்தார். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பற்றிப் பேசாமல் கிங்கை மட்டும் புகழ்ந்தால் அது பாதிக் கதை.

மொன்டானாவில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பண்ணையைத் தொடங்கிய ஜானி கிராண்ட், மேற்கே குடியேறப் போனவர்களின் வழியான ஆரிகன் பாதையில் வந்தவர்களிடம் களைத்த இரண்டு மாடுகளுக்குப் பதிலாகத் தெம்பான ஒன்றைக் கொடுத்து மந்தையைப் பெருக்கியவர். 1866இல் அதை வாங்கினார் கான்ராட் கோர்ஸ், தொழிலில் கசாப்புக்காரர். 1972 முதல் இது தேசிய வரலாற்றுத் தலம். நுழைவுக் கட்டணம் கிடையாது. கோர்ஸ் குடும்பத்தின் வீட்டுக்குள்ளேயே வழிகாட்டியோடு போகலாம், அவர்கள் புழங்கிய சாமான்களே இன்னும் இருக்கின்றன. ஆனால் நேரத்தை வெளியில் செலவழியுங்கள். வேலையாட்கள் தங்கிய வரிசை அறைகள், கொல்லர் பட்டறை, பட்டிகள், தொழுவங்கள் எல்லாம் நடந்து போகும் தூரம்தான்.

அங்கே புல்லைப் போராகக் குவிக்க உதவும் மரச் சாய்வை மட்டும் தவறவிடாதீர்கள். உலர்ந்த புல்லை அதன் மேல் இழுத்துப் போய் மறுபக்கம் கொட்டிப் போர் போடுவார்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு 1886-87 குளிர்காலம் பதில் சொல்லும். அதுவரை வேலியில்லாத வெளியில் மந்தையை மேயவிட்டே பிழைப்பது நடந்தது. அந்தக் குளிரில் புல் பனிக்கடியில் போக, மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. கோர்ஸ் கடன் வாங்கித்தான் மீண்டார். அதற்குப் பிறகு வேலி, புல் சேமிப்பு, குறைவான ஆனால் தரமான மாடு என்று தொழிலே மாறியது. ஒரு மரச் சட்டத்தின் முன்னால் நின்றபடி இத்தனையும் புரிந்துவிடுகிறது. வண்டி ஜன்னல் வழியாக இது கிடைக்காது.

குழந்தைகளோடு போனாலும் மொன்டானாதான், ஓடியாட இடம் உண்டு. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் கிங் ரான்ச் வண்டி வசதி. பறவை பார்ப்பவர்களுக்கும் அங்கே தனிச் சுற்றுலா இருக்கிறது.

காலமும் பார்க்க வேண்டும். தெற்கு டெக்சஸ் கோடையில் கொளுத்தும், குளிர்மாதங்களில் போவது நல்லது. மொன்டானாவுக்கு வசந்தத்தில் போனால் கன்றுகள், கோடையில் போனால் புல் அறுப்பு. கிங் ரான்ச்சுக்கு முன்பதிவை முடித்துவிட்டு அப்புறம் பயணச்சீட்டு எடுங்கள்.