மூன்று உறைகள், ஒரு ரிவால்வர்

ரைஃபிள் இருக்கும்போது வேட்டைக்குக் கைத்துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். கரடி நடமாடும் காட்டில், சுட்ட மானின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள், இரண்டு கையும் ரத்தம், ரைஃபிளோ பத்தடி தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்து கிடக்கிறது. அந்த நேரத்துக்குத்தான் கைத்துப்பாக்கி. அதை எங்கே, எதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பது என்பதுதான் என் பிரச்சினை. என்னிடம் இருப்பது நாலு அங்குலக் குழல் உள்ள .44 மேக்னம் ரிவால்வர், ஆறு தோட்டாவும் போட்டால் 1.3 கிலோ வரும். இதற்காக மூன்று உறை வாங்கினேன். முதல் இரண்டும் இப்போது அலமாரியில் தூங்குகின்றன.

முதலில் வாங்கியது இடுப்பு பெல்ட்டில் மாட்டும் தோல் உறை. கடையில் போட்டுப் பார்த்தபோது அவ்வளவு சுகமாக இருந்தது, கை தானாகப் பிடிக்குப் போனது, கண்ணாடியில் பார்த்துக் கொஞ்சம் பெருமையும் பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். கடைக்குள் நான்கு அடி நடந்து பார்த்து உறை வாங்குவது, செருப்புக் கடையில் உட்கார்ந்தபடியே செருப்பு வாங்குவது மாதிரி. காட்டில் முதல் நாளே தெரிந்துவிட்டது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை எங்கே உட்கார வேண்டுமோ சரியாக அங்கேதான் துப்பாக்கி இருக்கிறது. பட்டையை மேலே ஏற்றினால் பையின் பாரம் முழுக்கத் தோளுக்குப் போகிறது, கீழே இறக்கினால் துப்பாக்கியின் பிடி விலாவில் குத்துகிறது. பட்டையைப் போடாமலே விட்டுவிட்டு மதியம் வரை நடந்தேன், தோள் இரண்டும் கன்றிப்போனது. போதாததற்கு, தோளில் தொங்கும் ரைஃபிளின் கட்டை ஒவ்வொரு அடிக்கும் ரிவால்வரில் டக் டக் என்று மோதும். மான் வேட்டைக்கு மணி கட்டிக்கொண்டு போன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பை இல்லாமல், பாதி நாள் மட்டும் சுற்றிவருபவர் என்றால் இடுப்பு உறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெல்ட் முக்கியம். ஒன்றரை அங்குல அகலத்தில் விறைப்பான பெல்ட் வேண்டும், சாதாரண பெல்ட்டில் மாட்டினால் துப்பாக்கி வெளியே சாய்ந்துகொண்டு பேண்டைக் கீழே இழுக்கும். ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டே சரிவில் ஏறிய அனுபவம் உண்டு.

இரண்டாவது, தொடையில் கட்டும் உறை. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒவ்வொரு அடிக்கும் 1.3 கிலோவைத் தொடையால் தூக்கி வைக்கிறோம், முள்செடி எல்லாம் அதில்தான் மாட்டுகிறது, ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பைக்குள் போட்டேன். பைக்குள் போட்ட துப்பாக்கி இருந்தும் இல்லாத மாதிரிதான். அக்குளுக்குக் கீழே படுக்கை வாட்டில் தொங்கும் தோள் உறையை நண்பர் ஒருவர் போட்டிருந்தார், நான் வாங்கவில்லை. வரிசையாக நடக்கும்போது அதன் குழல் பின்னால் வருபவரைப் பார்த்துக்கொண்டே வரும், அன்று பின்னால் வந்தது நான்.

கடைசியாக மார்பு உறை. அலாஸ்காவில் டயமண்ட் டி கடை தோலில் செய்யும் கைட்ஸ் சாய்ஸ், கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் வரும் கெனாய் என்று இந்த வகையில் பெயர் பெற்றவை உண்டு. நான் வாங்கியது அதே பாணியில் பெயர் தெரியாத ஒருவர் செய்து தந்த கைடெக்ஸ் உறை. துப்பாக்கி நெஞ்சுக்குக் கீழே சாய்வாக உட்கார்ந்திருக்கும், ஒரு வார் தோள்மேல் போகும், இன்னொன்று உடம்பைச் சுற்றி வரும். பையின் பட்டை எதையும் அது தொடாது. உட்கார்ந்தாலும் மண்டியிட்டாலும் முழங்கால் ஆழ ஓடையைக் கடந்தாலும் துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருக்கும். மழைக்கோட்டின் ஜிப்பைப் பாதி இறக்கினால் கைக்கு வந்துவிடும். முதல் நாள் பத்து மணி நேரம் போட்டிருந்தேன், கழற்ற மறந்து அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. முதல் வாரம் முதுகுப் பக்கத்து பக்கிள் ஒன்று பைக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் சிக்கி அரைத்தது, ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் சிவந்துவிட்டது. வாரை இரண்டு விரல் நீளம் இழுத்து பக்கிளை விலாப் பக்கம் தள்ளிய பிறகுதான் சரியானது. அதனால் வாங்கும்போதே பையையும் போட்டுப் பாருங்கள், எந்த பக்கிள் எதன் அடியில் வருகிறது என்று தடவிப் பாருங்கள். ரைஃபிள் கட்டையைப் பதிக்கும் தோளில் பக்கிள் வந்தால் அந்த உறை வேண்டவே வேண்டாம். பைனாகுலரும் மார்பில்தான் தொங்கும் என்பதால் இரண்டுக்கும் இடச்சண்டை வரும், நான் பைனாகுலரை ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டி, துப்பாக்கியை அதன் அடியில் வைத்துச் சமாளிக்கிறேன். குப்புறப் படுத்துச் சுடுபவர்களுக்கு இது இடைஞ்சல்தான். வில் வேட்டைக்காரர்கள் நாண் அதில் உரசுகிறதா என்று வெறும் கையோடு இழுத்துப் பார்க்காமல், வில்லை வைத்தே இழுத்துப் பார்க்க வேண்டும் (சில இடங்களில் வில் வேட்டைக் காலத்தில் கைத்துப்பாக்கியே கூடாது, உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்).

தோலா கைடெக்ஸா என்று கேட்டால், போட்டுக்கொள்ள இதமானது தோல்தான், சத்தமும் போடாது. ஆனால் மழையில் நனைந்தால் ஈரத்தை விடாது. என் முதல் உறையில் ஒரு ராத்திரி அப்படியே விட்டேன், காலையில் சிலிண்டரில் கடுகு தூவின மாதிரி துருப்புள்ளிகள். இளகட்டும் என்று எண்ணெயை ஊற்றுவதும் தப்பு, தோல் தொளதொளத்து துப்பாக்கியை விட்டுவிடும். கைடெக்ஸ் சூட்டில் வளைத்துச் செய்யும் பிளாஸ்டிக், தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, துடைத்தால் போதும். கிளை உரசினால் மட்டும் கரகர என்று கேட்கும், வெளிப்பக்கம் ஒரு துணிப்பட்டை ஒட்டிவிட்டேன். வெயிலில் நிற்கும் காருக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டுவைக்காதீர்கள், வடிவம் தளரலாம்.

எதை வாங்கினாலும் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தை உறை முழுக்க மூடியிருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு சுள்ளிகூட உள்ளே நுழையக் கூடாது. இரண்டு, பிடிப்பு. தோட்டாவை எடுத்துவிட்டு, எடுத்ததை இன்னொரு முறை பார்த்துவிட்டு, உறையோடு கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உருவிப் பழகுவதும் காலித் துப்பாக்கியில்தான். மார்பு உறையின் குழல் இடது பக்கம் பார்த்திருப்பதால் உருவும்போது இடது கை குறுக்கே வந்துவிடும், அதை மார்போடு ஒட்டி வைத்துப் பழக எனக்கு இரண்டு வாரம் ஆனது. திரும்ப உள்ளே வைக்கும்போது அவசரமே வேண்டாம், கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இரண்டு சீசன் ஓடிவிட்டது. வார்கள் வியர்வையில் வெளுத்திருக்கின்றன, வேறு ஒன்றுமில்லை. பிடிப்பை இறுக்கும் திருகு மட்டும் ஒருமுறை தானாகத் தளர்ந்து, குனியும்போது துப்பாக்கி லேசாக ஆடியதில் தெரிந்தது. திருகு இறுகி நிற்கப் போடும் பசையில் ஒரு சொட்டு விட்டு முடுக்கினேன், திருகை முடுக்கும் சின்னச் சாவி இப்போது பையின் மேல்பையிலேயே இருக்கிறது.