2030 என்று சொன்னவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள்? பழைய கார் நிறுவனங்களின் மின்சாரத் திட்டங்கள்: ஓர் ஒப்பீடு

2021-இல் கார் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு தேதி குறித்தன. 2035-க்குள் தன் புதிய கார்களில் புகையே வராது என்ற இலக்கை ஜெனரல் மோட்டார்ஸ் ஜனவரியில் வைத்தது. மார்ச்சில் வால்வோ, 2030 முதல் மின்சாரக் கார் மட்டுமே என்றது. ஜூலையில் மெர்சிடிஸ் அதே 2030-ஐச் சொன்னது, ஆனால் 'சந்தை நிலவரம் அனுமதிக்கும் இடங்களில்' என்று ஒரு வாலை ஒட்டிக்கொண்டது. அந்த வால் 2024 பிப்ரவரியில் உதவிக்கு வந்தது: பத்தாண்டின் பிற்பகுதியில் விற்பனையில் பாதி வரை மின்சாரம், அதிலும் ப்ளக்-இன் ஹைப்ரிட் (எஞ்சினும், செருகி ஏற்றும் பேட்டரியும் சேர்ந்த கார்) சேர்த்தி. அதே ஆண்டு செப்டம்பரில் வால்வோவும் இறங்கி வந்தது. 2030-இல் 90 முதல் 100 சதவீதம், ப்ளக்-இன் ஹைப்ரிட் உட்பட.

ஆகவே ஆண்டுகளை அடுக்கி ஒப்பிடுவதில் பயன் இல்லை. தேதியை மாற்ற ஒரு செய்திக்குறிப்பு போதும். காரின் அடித்தளமான பிளாட்ஃபார்மையோ, பேட்டரி செல் வரும் வழியையோ, மென்பொருளையோ அப்படி மாற்ற முடியாது. எந்த நிறுவனம் உண்மையாக நகர்கிறது என்பது இந்த மூன்றில்தான் தெரியும்.

ஃபோக்ஸ்வாகனும் ஹூண்டாய்-கியாவும்: ஒரே பாதை, வேறு வேறு பள்ளம்

இரண்டு குழுமங்களும் மின்சாரத்துக்கென்றே தனி பிளாட்ஃபார்ம் போட்டன. ஃபோக்ஸ்வாகனின் எம்இபி 400 வோல்ட் வகை. 2020 டிசம்பரில் அறிமுகமான ஹூண்டாயின் இ-ஜிஎம்பி 800 வோல்ட். ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் சார்ஜரில்தான் தெரியும். 200 கிலோவாட் ஏற்ற 400 வோல்ட்டில் 500 ஆம்பியர் பாய வேண்டும். 800 வோல்ட்டில் 250 போதும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், மின்னோட்டம் பாதியானால் வெப்பம் கால்வாசியாகிறது. ஹூண்டாயின் அயோனிக் 5, 350 கிலோவாட் சார்ஜரில் 10-இலிருந்து 80 சதவீதத்தை 18 நிமிடத்தில் தொடுவது இதனால்தான்.

சார்ஜர் 400 வோல்ட்டாக இருந்தால்? இ-ஜிஎம்பி கார் தன் பின்சக்கர மோட்டாரின் சுருள்களையும் இன்வெர்ட்டரையுமே பயன்படுத்தி மின்னழுத்தத்தை ஏற்றிக்கொள்கிறது. கெட்டிக்கார வேலை, ஆனால் வேகம் குறையும். வழியில் இருப்பவை பெரும்பாலும் 400 வோல்ட் சார்ஜர்கள் என்றால், விளம்பரத்தில் பார்த்த 18 நிமிடத்தை மறந்துவிடலாம்.

ஹூண்டாய் சறுக்கியது ஐசிசியூ என்ற ஒற்றைப் பெட்டியில். காருக்குள் இருக்கும் சார்ஜரையும், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தரும் மாற்றியையும் ஒன்றாகச் சேர்த்த பாகம் இது. இது பழுதானால் 12 வோல்ட் பேட்டரி ஏறாது. பெரிய பேட்டரி நிறைந்திருக்கும், கார் மட்டும் படிப்படியாக வேகம் இழந்து நிற்கும். 2024-இல் அமெரிக்காவில் இதற்காகவே இரண்டு முறை ரீகால் (பழுதைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைப்பது). மார்ச்சில் ஏறத்தாழ 1.47 லட்சம் கார்கள், நவம்பரில் ஹூண்டாய், அதன் சொகுசுப் பெயரான ஜெனிசிஸ், கியா மூன்றும் சேர்த்து 2 லட்சத்துக்கு மேல். மென்பொருளைப் புதுப்பித்து, தேவைப்பட்டால் ஐசிசியூவையும் அதன் ஃபியூஸையும் மாற்றித் தருவதுதான் தீர்வு.

ஃபோக்ஸ்வாகன் விழுந்தது மென்பொருளில். ஐடி.3 உற்பத்தி 2019 நவம்பரில் ஸ்விக்காவில் தொடங்கியும், வாடிக்கையாளர் கைக்குப் போனது 2020 செப்டம்பரில். முதலில் வந்தவற்றில் சில வசதிகள் வேலை செய்யவில்லை, பிறகுதான் ஏற்றப்பட்டன. மென்பொருளைத் தானே எழுத 2020-இல் தொடங்கிய கேரியட் பிரிவும் பின்தங்கியது. போர்ஷே மக்கானும் ஆவுடி க்யூ6-உம் காத்துக்கிடந்தன. தலைவர் ஹெர்பர்ட் டீஸ் 2022-இல் பதவி இழந்ததில் இதற்கும் பங்கு உண்டு. 2024-இல் நிறுவனம் வேறு வழிக்கு வந்தது: அமெரிக்க மின்வாகன நிறுவனமான ரிவியனுடன் 580 கோடி டாலர் வரையிலான கூட்டு.

காரணம் எளிது. பழைய பாணி காரில் ஒவ்வொரு பாகமும் ஒரு சப்ளையரிடமிருந்து தன் சொந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வரும். பத்துப் பதினைந்து பேர் எழுதிய நிரல்களை ஒரே இரவில் தொலைவிலிருந்து புதுப்பிப்பது நடக்கிற காரியம் இல்லை. ரிவியன் தன் இரண்டாம் தலைமுறை வண்டியில் தான் உருவாக்கும் பெட்டிகளை 17-இலிருந்து 7-ஆகக் குறைத்தது. ஃபோக்ஸ்வாகன் விலை கொடுத்தது அந்த அமைப்புக்குத்தான்.

பள்ளம் எது மோசம் என்றால், ஃபோக்ஸ்வாகனுடையதுதான். ஒரு பெட்டியை மாற்றிவிடலாம். நிறுவனத்தின் வேலைமுறையை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை.

பிஎம்டபிள்யூ: தேதியே சொல்லாதவர்

முற்றிலும் மின்சாரம் என்று குழுமம் முழுமைக்கும் இவர்கள் தேதி சொல்லவே இல்லை. ஒரே அடித்தளத்தில் பெட்ரோல், டீசல், ப்ளக்-இன், மின்சாரம் நான்கையும் செய்தார்கள். இதன் குறையை ஐ4 என்ற மின்சாரக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தால் பார்க்கலாம். தரைக்கு நடுவே மேடு அப்படியே இருக்கிறது, முன்பக்கம் சாமான் வைக்க இடம் இல்லை. எஞ்சின் காருக்குப் போட்ட எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 84 கிலோவாட்-மணி பேட்டரியை இடுக்கினால் அப்படித்தான் இருக்கும்.

பலன் தொழிற்சாலையில் கிடைத்தது. மியூனிக்கில் 3 சீரிஸும் ஐ4-உம் ஒரே லைனில் ஓடின. எதற்குக் கேட்பு கூடியதோ அதைக் கூட்டினார்கள். ஸ்விக்காவ், எம்டன் ஆலைகளை மின்சாரத்துக்குத் திருப்பிய ஃபோக்ஸ்வாகனோ, 2023-இல் கேட்பு தளர்ந்தபோது உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது.

தனி பிளாட்ஃபார்முக்கு பிஎம்டபிள்யூ இப்போதுதான் வந்திருக்கிறது. நோயே கிளாஸே வரிசையின் முதல் கார் ஐஎக்ஸ்3, ஹங்கேரியின் டெப்ரெட்சென் ஆலையில் தயாராகிறது. 800 வோல்ட், 46 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை செல்கள், 108 கிலோவாட்-மணி, 400 கிலோவாட் வரை சார்ஜிங், 10-இலிருந்து 80-க்கு 21 நிமிடம். செல்களை மாட்யூல் எனும் சிறு தொகுதிகளாகக் கட்டாமல் நேரே பேக்கில் அடுக்குகிறார்கள். மியூனிக் ஆலையும் 2027 இறுதியிலிருந்து முழுக்க மின்சாரத்துக்கே. தேதி சொன்ன பலர் பின்வாங்கியிருக்க, சொல்லாதவர் தலைமை ஆலையையே மாற்றுகிறார். இப்போதைய நிலையில் நம்பத் தகுந்த திட்டம் இதுதான்.

டொயோட்டா: 1, 6, 90

டொயோட்டாவின் வாதம் ஒரு கணக்கு. நீண்ட தூரம் ஓடும் ஒரு மின்சாரக் காருக்கான பேட்டரி மூலப்பொருளில் 6 ப்ளக்-இன் ஹைப்ரிட் அல்லது 90 சாதாரண ஹைப்ரிட் செய்யலாம். 90 கார்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகையைக் குறைப்பதே மேல் என்கிறது. மூலப்பொருள்தான் முட்டுக்கட்டை என்றால் கணக்கு சரி. ஆனால் நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் பெருகப் பெருக, அந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. ஹைப்ரிட் எவ்வளவு சிக்கனமானாலும் அதற்குப் போடுவது பெட்ரோல்தான் என்பதையும் கணக்கு கண்டுகொள்வதில்லை.

ஆர்வம் குறைந்த கை செய்த வேலை என்பது டொயோட்டாவின் மின்சாரக் காரான பிஇசட்4எக்ஸில் தெரிந்தது. விற்பனைக்கு வந்து இரண்டு மாதத்துக்குள், 2022 ஜூனில், சக்கரத்தைப் பிடிக்கும் ஹப் போல்ட்டுகள் தளரலாம் என்று ஏறத்தாழ 2,700 கார்கள் ரீகால் ஆயின. குளிரில் வேக சார்ஜிங் மந்தம். சார்ஜ் போடும் முன் பேட்டரியைச் சூடேற்றும் வசதி பிந்தைய மாற்றத்தில்தான் வந்தது. சீனாவில் மட்டும் டொயோட்டா வீம்பு பார்க்கவில்லை: பிஇசட்3 காருக்கு சீன நிறுவனமான பிஒய்டியின் பேட்டரி. கையில் காசு இருக்கிறது, ஹைப்ரிட் விற்கிறது. காத்திருக்க இவர்களால் முடியும். ஜப்பானிய எண்ணெய் நிறுவனமான இடெமிட்சுவுடன் சேர்ந்து 2027-28-க்குச் சொன்ன திடநிலை பேட்டரி (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள்), கண்ணால் பார்க்கும்வரை இந்த ஒப்பீட்டில் சேராது.

ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு

இருவருமே பெரிய வண்டியில் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஃபோர்டின் மின்சார பிக்கப்பான எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 கிலோவாட்-மணி. கனமான டிரெய்லரை மாட்டினால் ஓடும் தூரம் பாதியாகிவிடும். ஃபோர்டின் மின்வாகனப் பிரிவு 2023-இல் 470 கோடி டாலர், 2024-இல் சுமார் 510 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. 2025 டிசம்பரில் லைட்னிங்கை அந்த வடிவில் நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸுக்கு செல் கிடைத்தது, அதைக் கட்டத்தான் வரவில்லை. மென்மையான பை வடிவ செல்களை மாட்யூலாக அடுக்கும் தானியங்கி இயந்திரங்கள் 2023-இல் திணறின. அதற்கு முன்பே அதன் சிறிய மின்சாரக் காரான போல்ட்டில் எல்ஜி செல்களுக்குள் கிழிந்த ஆனோடு முனையும் மடிந்த பிரிப்பானும் ஒரே செல்லில் சேர்ந்து நேர்ந்தால் தீப்பிடித்தது. 2021-இல் எல்லா போல்ட்களும், சுமார் 1.42 லட்சம், ரீகால் ஆயின. 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், வெளியே நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள்.

இருவரும் இப்போது சின்ன, மலிவான வண்டிக்குத் திரும்பியிருக்கிறார்கள். புதிய போல்ட்டிலும், 2027-இல் 30,000 டாலர் அளவில் ஃபோர்டு சொல்லும் பிக்கப்பிலும் இரும்பு பாஸ்பேட் செல்தான். இவ்வகை செல்லில் சார்ஜ் குறைந்தாலும் மின்னழுத்தம் பெரிதாக மாறாது. அதனால் எவ்வளவு மிச்சம் என்று காரால் துல்லியமாகக் கணிக்க முடியாமல் போகும். அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றிக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். கடும் குளிரில் வேக சார்ஜிங்கும் தளரும்.

பழைய மின்சாரக் கார் தேடுபவர் கிலோமீட்டரைப் பார்க்கும் முன் சேஸிஸ் எண்ணைக் கொண்டு ரீகால் வேலை முடிந்ததா என்று பார்க்கட்டும். 2022 வரையிலான போல்ட் என்றால் மாட்யூல்கள் மாற்றப்பட்டனவா, அல்லது கண்காணிப்பு மென்பொருள் மட்டும் ஏற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். பின்னது என்றால், மென்பொருள் ஏற்றிய பிறகு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் ஓடும்வரை சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும். இ-ஜிஎம்பி கார் என்றால் ஐசிசியூ ரீகால் ரசீதோடு 12 வோல்ட் பேட்டரியின் வயதையும் கேளுங்கள். ஆரம்பகால ஐடி.3 என்றால் திரையில் மென்பொருள் பதிப்பைத் திறந்து பார்த்துவிட்டு விலை பேசலாம்.