டிஸ்க் போகவில்லை, 4,500 ரூபாய் போனது

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் எட்டாவது படிக்கிறாள் என் மகள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் விண்டோஸில் இல்லை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில்தான். உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைத்து, கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் (KITE) அதைத் தயாரித்துக் கொடுக்கிறது. வீட்டிலும் அது இருந்தால் பழகிக்கொள்வாளே என்று, 2019-ல் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் 12 லினக்ஸைப் போட உட்கார்ந்தேன்.

இடம் பிரிக்கும் கட்டம் வந்தபோது, உள்ளே இருக்கும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யைப் பட்டியலில் காணோம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்4 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், லினக்ஸ் தான் செய்வதை வரிவரியாக எழுதும் லாக் ஓடும் கறுப்புத் திரை வரும். அதை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் பாலக்காட்டில் ஒரு கடைக்குப் போனேன்.

“சேட்டா, டிஸ்க் போயி. மாத்தணும்” என்றார் கடைக்காரர், லேப்டாப்பைத் திறக்காமலேயே.

“விண்டோஸ் நல்லா ஓடுதே?” என்று கேட்டேன்.

“இப்ப ஓடும். எப்ப வேணாலும் நிக்கும்.”

அந்த இடத்திலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். விண்டோஸ் ஓடும் டிஸ்க் லினக்ஸுக்கு மட்டும் செத்துப்போகாது. நான் நம்பிவிட்டேன். புது எஸ்.எஸ்.டி. 3,800, கூலி 700. பழையதைக் கேட்டதற்கு, அது எக்ஸ்சேஞ்சில் போய்விடும் என்றார். அதில்தான் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்தன. அரை மணி நேரம் நின்று சண்டை போட்ட பிறகே கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லினக்ஸே காரணத்தை எழுதி வைத்திருக்கிறது: ஒரு என்.வி.எம்.இ. டிஸ்க் (எஸ்.எஸ்.டி.யில் ஒரு வகை) மறைந்திருக்கிறது, அதைப் பயன்படுத்த பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) டிஸ்க்கை இணைக்கும் முறையை ரெய்டு என்பதிலிருந்து ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாற்று. இன்டெலின் ஆர்.எஸ்.டி. என்ற டிஸ்க் நிர்வாக வசதியை ரெய்டு முறையில் வைத்து விற்கும் லேப்டாப்களில், இந்த வகை டிஸ்க், சாட்டா கன்ட்ரோலர் என்ற வேறொரு டிஸ்க் இணைப்புச் சில்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விண்டோஸில் அதற்கான டிரைவர் இருப்பதால் தெரியும், லினக்ஸுக்குத் தெரியாது. பயாஸைத் திறந்தேன். ஏ.ஹெச்.சி.ஐ. என்று இருந்தது. நான் மாற்றவில்லை, கடையில் மாற்றியிருக்கிறார்கள். அதை மாற்றாமல் அதே வகைப் புது டிஸ்க்கும் லினக்ஸுக்குத் தெரிந்திருக்காது. அப்படியென்றால் கோளாறு எதுவென்று தெரிந்தேதான் டிஸ்க்கை விற்றிருக்கிறார்கள். எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸை வைத்துக்கொண்டு சட்டென்று ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாற்றினால் அது நீலத் திரையில் நின்றுவிடலாம். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும்) திறக்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்த பிறகு, விண்டோஸை மட்டும் வழக்கம்போல் திறக்கும்படி அமையுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயை முன்பே எழுதி வையுங்கள். அதற்கும் முன்னால் பேக்கப்.

வைஃபையிலும் இதே கதை நடக்கலாம். லினக்ஸில், உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையை ‘-கே’ சேர்த்து (lspci -k) கொடுத்துப் பாருங்கள். கார்டின் பெயர் வந்து, கீழே டிரைவர் வரி மட்டும் இல்லையென்றால் அனேகமாகக் கார்டில் பழுதில்லை, டிரைவர்தான் இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், கார்டுகள் வேலை செய்யத் தேவையான ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் இன்ஸ்டாலரிலேயே வருகிறது. ஆனாலும் பிராட்காம் பிசிஎம்43142 போன்ற சில்லுகளுக்குத் தனி டிரைவர் வேண்டும். போனை யு.எஸ்.பி.யில் இணைத்து, டெதரிங்கில் நெட் எடுத்து அதைப் போட்டுக்கொள்ளலாம். புதுக் கார்டு வாங்க வேண்டியதில்லை.

பில்லும் அந்த லாக் படமும் கையில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. பழைய டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டு இணைத்தேன். அறுபதாம் கல்யாணப் படங்கள் ஒன்று விடாமல் திறந்தன.