பீச்–தாம்பரம் லோக்கல்: தாம்பரம் வரை தங்கம், அதற்கப்பால் தவம்

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை லோக்கல் ரயிலில் சுமார் 29 கிலோமீட்டர், 18 நிலையங்கள், சாதா டிக்கெட் 10 ரூபாய். பக்கத்தில் ஓடும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலை எந்தக் கதியில் கிடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 1931இல் மீட்டர் கேஜில் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில்) மின்ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. இந்த விலைக்கு இந்த ஊரில் இதற்கு ஈடு கிடையாது.

பலர் மாட்டிக்கொள்வது டிக்கெட்டில்தான். செல்போன் டிக்கெட்டை நடைமேடையில் நின்றுகொண்டு எடுக்கப் பார்த்தால் ஆப் மறுத்துவிடும். வெளியிலேயே எடுத்துவிட்டு உள்ளே வாருங்கள். மறந்து வந்துவிட்டால், நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்து எடுக்கலாம். 2025 ஏப்ரலில் வந்த ஏசி வண்டிக்குக் கட்டணமே வேறு, குறைந்தது 35 ரூபாய். சாதா டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம்தான்.

மாலையில் மாம்பலத்தில் இறங்குபவர்கள் கோடம்பாக்கத்திலேயே கதவுப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். முதுகுப்பையைக் கழற்றி மார்பில் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் தொங்கினால் கம்பியில் மாட்டும், ஏறுகிற கூட்டம் உங்களையும் உள்ளே தள்ளிவிடும். இறங்கியபின் தி.நகர் பேருந்து நிலையத்துக்கு ரங்கநாதன் தெருவில் முட்டிமோத வேண்டாம். 2023இல் திறந்த ஆகாய நடைபாதை நேராக அங்கே விடும். விமான நிலையத்துக்குத் திரிசூலத்தில் இறங்கிச் சுரங்கப்பாதையில் நடந்தால் போதும். பெரிய பெட்டி இருந்தால் மெட்ரோதான் நல்லது.

படியில் தொங்கவே தொங்காதீர்கள். 2018 ஜூலையில் ஒரு லோக்கல் எக்ஸ்பிரஸ் தடத்தில் திருப்பிவிடப்பட்டது. அந்தத் தடத்தில் பரங்கிமலை நடைமேடைச் சுவர் பெட்டியை ஒட்டி நின்றது. தொங்கிவந்தவர்கள் அதில் மோதி இறந்தார்கள். வழக்கமான தடத்தில் இருக்கும் இடைவெளி அடுத்த தடத்திலும் இருக்கும் என்று நம்ப முடியாது.

பெரிய குறை தாம்பரத்துக்கு அப்பால். தடம் செங்கல்பட்டு வரை போனாலும் பல வண்டிகள் தாம்பரத்திலேயே திரும்பிவிடுகின்றன. வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் இவ்வளவு வளர்ந்தபின்னும் அங்கே ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலை வந்தால் அதுவும் ரத்தாகும்; முந்தைய நாளே அறிவிப்பைப் பாருங்கள். செங்கல்பட்டு போகிறவர்கள் தாம்பரத்தில் மாறிக்கொள்ளலாம் என்று முதலில் வரும் வண்டியில் ஏறாதீர்கள். எழும்பூரிலேயே செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்து ஏறினால்தான் உட்கார்ந்து போகலாம்.