கனடாவில் ஸ்டடி பெர்மிட் நீட்டிக்க ஆள் தேடுகிறீர்களா? லைசென்ஸ் இல்லாத ஆலோசகரால் எனக்கு நடந்தது

கனடாவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக, அதிலும் டொரான்டோ பக்கம் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டடி பெர்மிட்டை நீட்டிக்க யாரிடமாவது பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் பணம் வாங்கியவர் ‘இமிக்ரேஷன் கன்சல்டன்ட்’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தவர். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. அவரால் என் ஸ்டேட்டஸ் (கனடாவில் சட்டப்படி தங்கும் உரிமை) போனது, பகுதிநேர வேலை போனது, ஒரு செமஸ்டரும் போனது.

என் படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டதால் பெர்மிட்டை நீட்டிக்க வேண்டியிருந்தது. அரசுக்குக் கட்ட வேண்டியது 150 டாலர். அவர் வாங்கியது அதைப் போல் பல மடங்கு. பாதியை இ-டிரான்ஸ்ஃபரில் வாங்கினார், மீதியைக் கையில் பணமாகக் கேட்டார். ரசீது கேட்டதற்கு, “நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு தம்பி ரசீது?” என்றார். ஒப்பந்தமும் எழுதவில்லை. லைசென்ஸ் உள்ள ஆலோசகர் எழுத்தில் ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பெர்மிட் முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே எல்லாக் காகிதங்களையும் கொடுத்துவிட்டேன். சில நாளில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: “போட்டாச்சு தம்பி. இனி மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ். தைரியமா கிளாஸுக்கும் வேலைக்கும் போங்க.” கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட், அதில் விண்ணப்ப எண் பாதி மறைந்திருந்தது. முழுதாக அனுப்பச் சொன்னேன். அனுப்புகிறேன் என்றார், அனுப்பவே இல்லை.

அவர் சொன்ன மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ் என்பது உண்மையிலேயே இருக்கிற விதிதான், அதனால்தான் இவ்வளவு பேர் நம்புகிறார்கள். பெர்மிட் காலாவதி ஆவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய பெர்மிட்டின் நிபந்தனைகளோடு கனடாவில் இருந்துகொண்டே படிக்கலாம், அனுமதிக்கப்பட்ட அளவு வேலையும் செய்யலாம். ஆனால் விண்ணப்பம் முழுமையாக இருந்தால்தான் இது செல்லும். தேவையான ஆவணம் குறைந்தால் குடியேற்றத் துறை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வந்த விண்ணப்பம் போடாத விண்ணப்பத்துக்குச் சமம். அதற்குள் பெர்மிட் தேதியும் தாண்டிவிட்டால், நாம் ஸ்டேட்டஸ் இல்லாத ஆள்.

எனக்கு நடந்தது அதுதான். கல்லூரியில் சேர்ந்து படிக்கிறேன் என்பதற்கான கடிதத்தை ஏற்ற வேண்டிய இடத்தில் பாஸ்போர்ட் பக்கத்தையே இரண்டாம் முறை ஏற்றியிருக்கிறார். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அதை எனக்குச் சொல்லாமல், பெர்மிட் முடிந்த பிறகு மறுபடி சாதாரண நீட்டிப்பாகவே போட்டிருக்கிறார். அதுவும் திரும்பியது. விண்ணப்பம் போடும் இணையக் கணக்கைத் திறந்தது அவருடைய மின்னஞ்சலில் என்பதால் இந்தக் கடிதங்களில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இன்னொருவருக்காக விண்ணப்பம் போடுகிற பிரதிநிதி ஐ.எம்.எம். 5476 என்ற படிவத்தில் தன் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்கவில்லை. அரசின் பார்வையில், விண்ணப்பத்தை நானே தனியாக உட்கார்ந்து போட்டதாகத்தான் இருந்தது. இப்படிப் பின்னால் மறைந்து நின்று வேலை செய்கிறவர்களுக்கு இங்கே கோஸ்ட் கன்சல்டன்ட் என்று பெயர்.

விஷயம் வெளியே வந்தது கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தால். புது செமஸ்டருக்குப் பதிவு செய்யும்போது, விண்ணப்பம் பெறப்பட்டதற்கான கடிதத்தைக் கேட்டார்கள். நான் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததுமே அங்கிருந்த ஆலோசகர் முகம் மாறியது. “இது போதாது. இன்றைக்கே அந்தக் கணக்கின் லாகின் விவரத்தை வாங்கி வாருங்கள்” என்றார். ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு அந்த ஆளின் அலுவலகத்துக்கே போய், கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்த பிறகுதான் பாஸ்வேர்டு கைக்கு வந்தது. திரும்பி வந்த இரண்டு கடிதங்களும் உள்ளே இருந்தன.

அப்போதும் அவர் அசரவில்லை. “90 நாள் கிரேஸ் பீரியட் இருக்கு தம்பி, விசாவும் பாஸ்போர்ட்ல இன்னும் செல்லுது, அப்புறம் என்ன?” என்றார். இரண்டுமே தவறு. இதே பேச்சை வேறு பலரும் சொல்லிக் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா கனடாவுக்குள் நுழைவதற்கு. உள்ளே இருந்து படிக்க உரிமை தருவது ஸ்டடி பெர்மிட். விசா இன்னும் மூன்று வருடம் செல்லுபடியானாலும் பெர்மிட் முடிந்தால் முடிந்ததுதான். விசா காலாவதியாகி, பெர்மிட் நடப்பில் இருந்தால், கனடாவுக்குள் இருக்கும்வரை கவலைப்பட வேண்டியதில்லை.

அந்த 90 நாள் சலுகைக்காலமும் அல்ல. ஸ்டேட்டஸ் இழந்த நாளிலிருந்து 90 நாளுக்குள், அதைத் திரும்பத் தரும்படி ரெஸ்டொரேஷனுக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். பெர்மிட் கட்டணத்தோடு ரெஸ்டொரேஷனுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். முடிவு வரும்வரை படிக்கவும் கூடாது, வேலை செய்யவும் கூடாது. தருவதும் மறுப்பதும் அதிகாரியின் கையில். படிப்பை முன்கூட்டியே முடித்தவர்களுக்கு, முடித்த நாளிலிருந்து 90 நாளில் பெர்மிட் செல்லாமல் போகும் என்று இன்னொரு 90 நாள் விதி இருக்கிறது. அது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பித்தான் இவர்கள் நம்மைத் தூங்கவைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன யோசனைதான் என்னை இன்னும் பதற வைக்கிறது. “ரெஸ்டொரேஷன் நானே போட்டுத் தர்றேன். ஆனா பெர்மிட் முடிஞ்சதுக்கப்புறம் வேலைக்குப் போனதை எழுத வேண்டாம்.” கனடாவின் குடியேற்றச் சட்டத்தில் 40ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. முக்கியமான உண்மையை மறைத்தாலோ பொய் சொன்னாலோ ஐந்து வருடம் கனடாவுக்குள் வரத் தடை. அந்த ஐந்து வருடத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கும் (பி.ஆர்.) விண்ணப்பிக்க முடியாது. மாட்டினால் தண்டனை அனுபவிக்கப் போவது அவர் இல்லை, கையெழுத்துப் போட்ட நான். 2023இல் போலி அட்மிஷன் கடிதங்களால் இந்திய மாணவர்கள் பலர் நாடுகடத்தலின் விளிம்புக்குப் போனது நினைவிருக்கும். கடிதத்தைத் தயாரித்தது ஏஜென்ட், குடியேற்றத் துறை முதலில் பிடித்தது மாணவர்களை. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து ஒவ்வொரு அட்மிஷன் கடிதத்தையும் கல்லூரியே துறைக்கு உறுதிப்படுத்த வேண்டும் என்று விதி வந்தது.

நான் கல்லூரி சொன்னபடி ஒரு வழக்கறிஞரிடம் போனேன். நடந்ததை நடந்தபடியே எழுதினோம். வேலைக்குப் போனதையும், அது எந்த நம்பிக்கையில் என்பதையும் எழுதி, வாட்ஸ்அப் உரையாடல், பணம் போன வங்கிப் பதிவு, திரும்பி வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 90 நாள் முடிவதற்குள் அனுப்பினோம். ரெஸ்டொரேஷன் கிடைத்தது. அதுவரை நண்பர்கள் அறையில், வகுப்பும் இல்லாமல் வருமானமும் இல்லாமல், அப்பாவிடம் வாடகைக்குக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். படிப்புக்குப் பிறகான வொர்க் பெர்மிட் வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைக்கும். அதற்குப் படிப்பில் ஏற்பட்ட இந்த இடைவெளிக்கும் காரணம் காட்ட வேண்டும் என்பதால் எல்லாக் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பணம் வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்ல சட்டப்படி யாருக்கு உரிமை உண்டு? மாகாண வழக்கறிஞர் சங்கங்களின் உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள், குடியேற்ற ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் லைசென்ஸ் வாங்கியவர்கள். இவர்களைத் தவிர யாரும் பணம் வாங்கினால் அது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. அந்த அமைப்பு, முன்பு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்திய பழைய கவுன்சிலுக்குப் பதிலாக 2021 நவம்பரில் வந்தது. அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, தடை செய்யப்பட்டிருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். என்னிடம் பணம் வாங்கியவரின் சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கியது உண்மை. அதில் இருந்த பெயர் வேறொருவருடையது. “அவருக்குக் கீழதான் வேலை செய்றேன்” என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். அந்த லைசென்ஸ்காரரோடு நேரில் பேசி, ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

கணக்கு உங்கள் மின்னஞ்சலில்தான் திறக்கப்பட வேண்டும். சிக்கல் இல்லாத சாதாரண நீட்டிப்பு விண்ணப்பம் என்றால் பெரும்பாலும் நீங்களே போட்டுக்கொள்ளலாம், பெர்மிட் முடிய 30 நாளாவது இருக்கும்போதே போடச் சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் கல்லூரி அலுவலகத்தில் மாணவர் குடியேற்ற விஷயங்களுக்கென்றே லைசென்ஸ் பெற்ற ஆலோசகர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள், அவர்கள் பணம் கேட்பதில்லை.

கனடா எல்லைச் சேவை முகமைக்கும் ஆலோசகர் கல்லூரிக்கும் புகார் கொடுத்துவிட்டேன். பணம் திரும்பவில்லை. அதே போர்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, புது மாணவர்கள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்களும் இப்படி ஒருவரிடம் கொடுத்துவிட்டு முழு விண்ணப்ப எண் கையில் இல்லாமல் இருந்தால், பெர்மிட்டில் உள்ள தேதியை இப்போதே எடுத்துப் பாருங்கள். அது தாண்டியிருந்தால் நாளை காலை முதல் வேலையாகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள். 90 நாள் எண்ணப்படுவது ஸ்டேட்டஸ் போன நாளிலிருந்து, உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து அல்ல.