குளச்சலுக்குப் பெரிய கப்பலா, கரையோரச் சிறு கப்பலா?

பழைய துறைமுக நகரங்கள் சொகுசுக் கப்பல்களை ஏற்கலாமா என்ற விவாதம் உலகில் பல இடங்களில் நடக்கிறது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் ஜூடெக்கா கால்வாயில் நுழைவதை இத்தாலிய அரசு 2021 ஆகஸ்டில் தடைசெய்தது. அமெரிக்காவின் கீ வெஸ்ட் மக்கள் 2020இல் வாக்களித்துப் பெரிய கப்பல்களுக்குக் கட்டுப்பாடு விதித்தும், மறு ஆண்டே ஃபுளோரிடா மாநிலச் சட்டம் அதைச் செல்லாததாக்கிவிட்டது. 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனிப் படையை முறியடித்த குளச்சலும் பெயர்பெற்ற துறைதான். அதனால், கப்பல் வந்து நிற்கும் வரை காத்திராமல், குமரி மாவட்டத்துக்கு எது பொருந்தும் என்பதை இப்போதே எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

முதல் வழி, ஈராயிரம் பேர் வரும் கப்பலைக் குளச்சலுக்கு வெளியே நங்கூரமிடச் செய்து, படகுகளில் பயணிகளைக் கரைசேர்ப்பது. இரண்டாவது, கப்பலைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கட்டிவிட்டுப் பேருந்தில் அழைத்து வருவது. மூன்றாவது, ஏற்கெனவே கன்னியாகுமரிக்கு வந்திருப்பவர்களுக்காகச் சின்னமுட்டம், முட்டம், குளச்சல் என்று கரையோரமாகச் சிறு கப்பல் விடுவது.

முதல் வழியில் பெரிய தடை கடல்தான். வாவத்துறைக்கு எதிரே அரை கிலோமீட்டர் தொலைவிலுள்ள விவேகானந்தர் பாறைக்கே, நீர்மட்டம் தாழ்ந்தாலோ காற்று கடுத்தாலோ பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகை நிறுத்திவிடுகிறது. ஈரம் காயாத உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டவர்கள் படகுத்துறைப் படியில் நிற்க, ஊழியர்கள் வடத்தை இழுத்துப் பிடித்து, அலை படகைத் தூக்கித் தரும் நொடி பார்த்து, முதியவர்களைக் கைத்தாங்கலாக ஏற்றுகிறார்கள். குளச்சலின் திறந்த கடலில், அதே வேலையை ஈராயிரம் பேருக்குக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் செய்தாக வேண்டும்.

காலமும் ஒத்துவரவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கரையில் கப்பல் நிற்பது கடினம். அக்டோபருக்குப் பிறகு வரலாம் என்றால், நவம்பர் முதல் ஜனவரி வரை ஐயப்ப பக்தர்களால் கன்னியாகுமரி நிரம்பி வழிகிறது. கடைக்காரர்கள் ஆளைத் தேடும் மாதங்களில் வராமல், நடக்கவே இடமில்லாத மாதங்களில் கப்பல் வரும். அதில் வருபவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே இருப்பதால், விடுதிக்கு ஒரு ரூபாய் வராது. சங்கு மாலையும் வண்ண மணல் பொட்டலமும் கொஞ்சம் விற்கலாம். அவர்கள் முக்கியமாகப் பார்க்க விரும்பும் பத்மநாபபுரம் அரண்மனையோ கேரள அரசின் நிர்வாகத்தில் இருக்கிறது; அங்குள்ள குறுகலான மரப்படிகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகப் படுவது மீனவர் நிலை. இனயத்திலும், பிறகு கன்னியாகுமரியை அடுத்த கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடையிலும் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க முயன்றபோது, கடற்கரை ஊர்கள் ஏன் எதிர்த்து நின்றன என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் நம் மணலில் வந்து ஒதுங்கின. பெரிய கப்பல் நங்கூரமிடும் இடத்தில் வலை விரிக்க முடியாது. அதற்கு யார் ஈடு தருவார்கள் என்பதை எழுத்தில் வைக்காத எந்தத் திட்டத்தையும் ஏற்க முடியாது.

தூத்துக்குடி வழி கடலுக்குத் தீங்கற்றது; கப்பல் கட்ட ஆழமும் தளமும் அங்கே உண்டு. ஆனால் கன்னியாகுமரி அங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். போய்வரவே ஐந்து மணி நேரம் கழிந்துவிடும் என்பதால், ஓர் இரவு தங்கும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே இதில் மாவட்டத்துக்குப் பலன் உண்டு.

என் தேர்வு சிறு கப்பல்தான், அதுவும் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மட்டும். கன்னியாகுமரியில் ஆள் வரத்துக்குக் குறைவே இல்லை. பெரும்பாலோர் சூரியோதயத்தையும் பாறையையும், 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தையும் பார்த்துவிட்டு அன்றே கிளம்பிவிடுகிறார்கள். நூறு பேர் ஏறும் கப்பலில் முட்டம் கலங்கரை விளக்கத்தைக் கடலிலிருந்து பார்த்து, குளச்சலில் இறங்கி வெற்றித் தூணைக் கண்டு, உதயகிரிக் கோட்டையில், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறைக்குப் போகும் வழி ஒன்று இருந்தால், இரண்டாம் நாளும் தங்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும். அரசின் மானியம் இல்லாமல் தொடக்கத்தில் இது ஓடாது, நட்டமும் வரலாம். மீன்பிடித் துறைமுகங்களில் விசைப்படகுகள் மீன் இறக்கும் நேரத்தில் இந்தக் கப்பல் அணையக் கூடாது என்பதையும், மாலுமி வேலையில் பாதியாவது கடற்கரை ஊர் இளைஞர்களுக்கு என்பதையும் உரிம நிபந்தனையிலேயே சேர்த்துவிட வேண்டும்.